ஏசி கடையில் பார்த்த மெத்தையும் சத்துவாச்சாரி மாடி அறையும்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் சொந்த வீடு. மாடியில் எங்கள் அறை. ஏசி கிடையாது, மின்விசிறிதான். கீழே அம்மா. வயது எழுபதை நெருங்குகிறது, முழங்கால் வலி உண்டு. இரண்டு அறைக்கும் மெமரி ஃபோம் மெத்தை வாங்கலாம் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றும் 8 அங்குலம். மூன்றிலும் ‘ஆர்த்தோ’, ‘கூல் ஜெல்’, 10 வருட வாரன்டி என்று போட்டிருக்கிறது. விலை மட்டும் 11,000, 17,000, 26,000. எதை வைத்து ஒப்பிடுவது?

தம்பி, மெத்தைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு முன் மூன்றையும் உங்கள் மாடி அறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் மெத்தை வாங்குகிறவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். லாங்கு பஜார் பக்கம் இலவம் பஞ்சு அடித்துத் தைத்த நாளிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். மெமரி ஃபோம் வந்த பிறகு ஒரே புகாரைத்தான் விதவிதமாகக் கேட்கிறேன்: “கடையில் நன்றாகத்தான் இருந்தது, வீட்டில் உள்ளே இழுக்கிறது.” மெத்தையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படி யாரும் மாற்றவில்லை. மாறியது அறையின் சூடு.

மெமரி ஃபோமும் பாலியூரிதேன் ஃபோம்தான். சாதாரண ஃபோமை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் உடனே எழும். இது மெதுவாக எழும்படி செய்யப்பட்டது. 1966-இல் அமெரிக்க நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். விமான இருக்கையில் அமர்கிறவருக்கு மோதலின் அதிர்ச்சி குறைய வேண்டும் என்பது நோக்கம். மெத்தையாக விற்பனைக்கு வந்தது 1991-இல், ஸ்வீடனில். விளம்பரத்தில் ‘விண்வெளித் தொழில்நுட்பம்’ என்று வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டில், கதகதப்பாக்கிய அறையில் படுக்க ஏற்ற பொருளாக அது வீட்டுக்குள் வந்தது. அதன் இளகும் நிலை நம் அறை வெப்பத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சூடு ஏறினால் இளகும், குளிர்ந்தால் இறுகும். ஃபிரிட்ஜில் இருந்த வெண்ணெய்க்கும் அடுப்பங்கரையில் இருந்த வெண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் அறையை நினையுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் வேலூரில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரை இரவு முழுவதும் அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். மாடி அறை என்றால் சொல்லவே வேண்டாம். 24 டிகிரி ஏசியில் வைத்த மெத்தையில் பத்து நிமிடம் படுத்துவிட்டு, “மிதமான கெட்டி, நன்றாக இருக்கிறது” என்று முடிவெடுத்தால், மே மாதம் அதே மெத்தையில் இடுப்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். ஏலகிரியில் வீடு வைத்திருப்பவருக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை: மார்கழியில் படுத்ததும் பலகை போல் இருக்கும், உடம்புச் சூடு ஏறிய பிறகுதான் இளகும். இரண்டு ஊருக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம்தான்; மெத்தைக்கு அது இரண்டு நாடு.

அதனால் முதல் யோசனை: பார்ப்பதென்றால் ஏசி இல்லாத கடையில், மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். விற்கிறவர் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார், பரவாயில்லை. உங்கள் தலையணையைக் கையோடு எடுத்துப் போங்கள். நீங்கள் வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே கால் மணி நேரம் படுங்கள். மனைவியும் படுக்கட்டும். மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துவிட்டு எழுந்து வருவது சோதனை ஆகாது. இரவில் அப்படியே விடியும் வரை கிடப்பவர்கள் குறைவு. நித்திரை சுகம் அறியாது என்பார்கள். அதை மெத்தை விற்கிறவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாவது, மெமரி ஃபோம் என்று சொல்வது மெமரி ஃபோம்தானா என்பது. உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் ஐந்து விரலும் பதிந்து, சில விநாடி நின்று, மெல்ல மறையும் என்று எல்லோரும் காட்டுவார்கள். கோடை மதியத்தில் நல்ல சரக்கிலும் அந்தத் தடம் சட்டென்று மறையும், ஏனெனில் அது ஏற்கெனவே இளகியிருக்கிறது. அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடையில் மாதிரித் துண்டு வைத்திருப்பார்கள், சோப்புக்கட்டி அளவில். ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு பாலித்தீன் உறையில் போட்டு, வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். உண்மையான மெமரி ஃபோம் வெளியே எடுக்கும்போது விறைத்திருக்கும். அழுத்தினால் பதிய மறுக்கும், பதிந்தால் எழ மறுக்கும். பிறகு அதை மாடி வெயிலில் ஐந்து நிமிடம் காட்டிவிட்டுத் தொடுங்கள். அதே துண்டு கையில் குழையும். சாதாரண ஃபோமில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. செலவில்லாத சோதனை. உங்கள் மெத்தை ஏசி அறையிலும் மாடி அறையிலும் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் சேர்த்தே காட்டிவிடும்.

அடுத்து அடர்த்தி. விலை வித்தியாசத்தில் நியாயமான பங்கு இருப்பது இங்கேதான். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதே அடர்த்தி. மேலே போடும் மெமரி ஃபோம் 50-க்குக் குறைந்தால் சீக்கிரம் அமுங்கிப்போகும். 50 முதல் 60 வரை வீட்டு உபயோகத்துக்குப் போதும். 80 வைத்தும் செய்கிறார்கள். உழைக்கும், ஆனால் காற்றோட்டம் குறைந்து சூடும் கூடும், நம் ஊருக்கு அது தேவையில்லை. அடியில் தாங்கும் ஃபோம் 32-க்குக் குறையக் கூடாது. உடம்பு கனமானவர்கள் என்றால் 40.

இதைக் கடையில் கேட்டால், “40 டென்சிட்டி சார்” என்று பொதுவாக ஒரு பதில் வரும். எந்த அடுக்குக்கு 40 என்று திருப்பிக் கேளுங்கள். 8 அங்குல மெமரி ஃபோம் மெத்தை என்றால் 8 அங்குலமும் மெமரி ஃபோம் அல்ல. அப்படி இருந்தால் படுக்கவும் முடியாது. மேலே ஒன்று, ஒன்றரை, இரண்டு, அதிகம் போனால் மூன்று அங்குலம். மிச்சம் வேறு ஃபோம். சில மெத்தைகளில் மேலே அரை அங்குலம் மட்டும் பெயருக்கு இருக்கும். மேலுறையில் ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். கையோடு ஓர் அளவுகோல் கொண்டு போய் வைத்துப் பாருங்கள். அடியில் பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று பல நிறத் துணுக்குகள் ஒட்டியது போல் தெரிந்தால் அது ரீபாண்டட் ஃபோம். வெட்டி மிஞ்சிய துண்டுகளை அரைத்துப் பசை சேர்த்து அழுத்திச் செய்தது. அது கெட்ட பொருள் அல்ல, கெட்டியாகத் தாங்கும், கெட்டிப் படுக்கை பழகியவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதன் அடர்த்தி 80, 100 என்று இயல்பாகவே வரும். அந்த எண்ணைக் காட்டி, “எங்கள் மெத்தை 100 டென்சிட்டி” என்று மெமரி ஃபோமின் விலையை வாங்குவதுதான் கெட்டது. ஜிப் இல்லை, தைத்துவிட்டோம் என்றால், ஒவ்வொரு அடுக்கும் என்ன ஃபோம், எத்தனை அங்குலம், என்ன அடர்த்தி என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் எனக்குப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எழுதித் தந்ததைச் சரிபார்க்க ஒரு தராசு போதும். உதாரணத்துக்கு 75-க்கு 60 அங்குலம், 8 அங்குல உயரம். மேலே 2 அங்குலம் மெமரி ஃபோம், கீழே 6 அங்குலம் சாதாரண ஃபோம். மேலடுக்கின் கன அளவு சுமார் 0.147 கன மீட்டர். அடர்த்தி 50 என்றால் எடை ஏறக்குறைய 7.4 கிலோ. கீழடுக்கு 0.442 கன மீட்டர். 32 அடர்த்திக்கு 14 கிலோ. ஆக ஃபோம் மட்டும் இருபத்தொன்றரை கிலோ, உறைக்கு இன்னும் ஒன்றிரண்டு. வீட்டுக்கு வந்த பொட்டலம் மொத்தமாக 16 கிலோதான் இருக்கிறது என்றால், சொன்ன அடர்த்தியில் எங்கேயோ காற்று புகுந்திருக்கிறது. இணையத்தில் விற்கும் மெத்தைகளுக்குப் பெரும்பாலும் எடையையும் போட்டிருப்பார்கள். ஆர்டர் போடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். மூன்று மெத்தைகளுக்கும் போட்டுப் பாருங்கள், 11,000 ஏன் 11,000 என்று தெரிந்துவிடும். ஒரே எச்சரிக்கை: அடியில் ரீபாண்டட் இருந்தால் அதே அளவு மெத்தை 40 கிலோவைத் தாண்டும். எடை கூடியது எல்லாம் உசத்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘கூல் ஜெல்’ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோமுக்குள் கலந்த ஜெல் படுத்தவுடன் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும், அதனால் குளிர்ச்சியாகத் தெரியும். இழுத்த சூடு எங்காவது போக வேண்டும்; அறையே சூடாக இருந்தால் போக இடமில்லை. சிறிது நேரத்தில் ஜெல்லும் நம் சூட்டுக்கு வந்துவிடும். அதற்காக இரண்டாயிரம், மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். மெமரி ஃபோம் உடம்பைச் சுற்றி அணைத்துக்கொள்வதால் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் காற்று ஓடாது, வியர்க்கும். அதைக் குறைக்க மேலடுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும், விரிப்பு பருத்தியாக இருக்க வேண்டும். பல காரியம் அந்த விரிப்பிலேயே முடிகிறது.

இப்படியெல்லாம் சொல்வதால் மெமரி ஃபோமே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் உறுத்தாமல் இறங்க இதைப் போல் இன்னொன்று இல்லை. ஒருவர் புரண்டால் அடுத்தவருக்குத் தெரியாது. சி.எம்.சி.யில் இரவுப் பணி முடித்து விடிகாலையில் வந்து படுக்கும் செவிலியர் வீடுகளில் இதன் அருமை தெரியும். ஏசி அறை என்றால் 2 அங்குல மேலடுக்கோடு தாராளமாக வாங்கலாம். மின்விசிறி மட்டும் உள்ள மாடி அறைக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை அங்குலம், அடியில் ஹெச்.ஆர். ஃபோம். அந்த ஹெச்.ஆர். ஃபோம் அழுத்தியவுடன் துள்ளி எழும் வகை, சூட்டுக்கு இளகாது. மெத்தையைத் தாங்குவது அதுதான், மெமரி ஃபோம் மேலே பூசிய சுகம் மட்டுமே.

‘ஆர்த்தோ’ என்ற சொல்லுக்குப் பின்னால் மருத்துவர் யாரும் நிற்கவில்லை. யார் வேண்டுமானாலும் எந்த மெத்தையிலும் அச்சடித்துக்கொள்ளலாம். முதுகு வலிக்குக் கட்டாந்தரை போல் கெட்டியான படுக்கைதான் மருந்து என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கு 90 நாள் கழித்து வலி குறைவாக இருந்தது. ஆக, கெட்டியாக இருந்தால் போதும் என்று தேட வேண்டாம், நடுத்தரம் போதும். அந்த நடுத்தரம் உங்கள் அறைச் சூட்டிலும் நடுத்தரமாக நிற்க வேண்டும், அவ்வளவே.

அம்மாவுக்கு வருகிறேன். அவருக்கு மெமரி ஃபோம் வாங்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவர் எழும்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, உந்தி எழுவார். மெமரி ஃபோம் அந்த உந்தலைத் திருப்பித் தராது. கை புதையும், விளிம்பு சரியும். இரவில் புரண்டு படுப்பதும் சிரமம். தான் பதிந்த குழியிலிருந்து தானே ஏறி வர வேண்டியிருக்கும். வாலிப வயதில் இது தெரியாது. அவருக்கு ஹெச்.ஆர். ஃபோமோ இயற்கை லேடெக்ஸோ 5 அல்லது 6 அங்குலத்தில் பாருங்கள். லேடெக்ஸ் ரப்பர் மரப்பாலில் செய்வது; சூட்டுக்கு இளகாது, ஊசித்துளைகள் வழியாகக் காற்று போகும், உந்தினால் உந்தும். விலை கூடுதல், தூக்குவதற்குக் கனம். கையில் பணம் குறைவு என்றால் ரப்பர் சேர்த்த தேங்காய் நார் மெத்தையின் மேல் ஓர் அங்குல ஃபோம் வைத்தது கூடப் போதும், பழைய தலைமுறைக்கு அந்தக் கெட்டி பிடித்தமானது.

உயரத்தை மறந்துவிடாதீர்கள். அம்மாவைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து அளவெடுங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படிய வேண்டும், இடுப்பு முழங்காலுக்குச் சற்றே மேலே இருக்க வேண்டும். தாழ்ந்தால் எழ முடியாது. உயர்ந்தால் கால் தொங்கும், இறங்கும்போது வழுக்கும். இப்போதைய கட்டில்களில் அடியில் சாமான் வைக்கும் பெட்டி இருப்பதால் கட்டிலே உயரம். அதன் மேல் 8 அங்குலம் போட்டால் ஏறுவதற்கு முக்காலி வேண்டியிருக்கும். கட்டில் உயரத்தோடு மெத்தை உயரத்தைக் கூட்டிப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்கிறவர்கள் அநேகம்.

வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால் படுக்கைப் புண்ணுக்கு மெமரி ஃபோம் போதும் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். காற்று மாறி மாறி ஏறும் படுக்கை தேவையா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கைக்குழந்தையையும் மெமரி ஃபோமில் தனியே விடாதீர்கள். முகம் புதைந்தால் மூச்சு முட்டும். பிள்ளைக்குக் கெட்டியான சமதளம்தான் நல்லது, வந்தவாசிக் கோரைப்பாயின் மேல் விரித்த துணி போல.

வாங்கிய பிறகு நம்மவர்கள் செய்யும் ஒரு காரியம் உண்டு. இலவம் பஞ்சு மெத்தையை மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் வெயிலில் போட்டு, கழியால் நாலு தட்டுத் தட்டிப் பழகிய கை, ஃபோம் மெத்தையையும் அங்கே கொண்டு போய்விடும். பஞ்சுக்கு வெயில் உயிர்; ஃபோமுக்கு அது எதிரி. புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளடிக்கும், பிறகு பொடிப்பொடியாக உதிரும். நிழலில், காற்றோட்டத்தில் நிறுத்தி வைத்தால் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது. உள்ளே போன ஈரம் லேசில் வெளியே வராது. ஈரம் தடுக்கும் உறை ஒன்று போடுங்கள், ஆனால் முழு ரெக்சின் உறை வேண்டாம், அதில் படுத்தால் ஜெல்லும் வீண், மின்விசிறியும் வீண். மேலே பருத்தி, அடியில் மெல்லிய படலம் உள்ள உறை கிடைக்கிறது. நாடாக் கட்டிலின் மேல் ஃபோம் மெத்தையைப் போடாதீர்கள், நடுவில் தொய்ந்துவிடும். பலகைச் சட்டம் என்றால் இடைவெளி 3 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தரையில் போடுவதென்றால் காலையில் தூக்கிச் சுவரில் சாய்த்து வையுங்கள், அடியில் பூஞ்சை பிடிக்காது.

சுருட்டி வரும் மெத்தையைப் பிரித்ததும் ஒரு வாடை வரும். சன்னலைத் திறந்து ஓரிரு நாள் விட்டால் போய்விடும். முழு உயரத்துக்கு எழவும் அந்த நேரம் வேண்டும். ஒரு வாரம் ஆகியும் கண் எரிகிற அளவுக்கு வாடை இருந்தால் திருப்பி அனுப்புங்கள். 100 இரவு சோதனைக் காலம் தருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்: உங்கள் பின்கோடுக்கு வந்து எடுத்துப்போவார்களா, இல்லை நீங்களே அனுப்ப வேண்டுமா? கொண்டு வந்து கொடுக்கும் ஊரெல்லாம் வந்து எடுக்கும் ஊராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முடிந்தால் வாங்கும் மாதத்தையும் யோசியுங்கள். தையில் வாங்கி 100 இரவு படுத்தால் சித்திரை வந்துவிடும், மெத்தையின் இரண்டு குணமும் தெரிந்துவிடும். ஐப்பசியில் வாங்கினால் சோதனைக் காலம் குளிரிலேயே முடிந்துபோகும்.

வாரன்டியில் வருடத்தைப் படிக்காதீர்கள், பள்ளத்தைப் படியுங்கள். ஆள் இல்லாதபோது மெத்தையில் நிரந்தரமாக விழுந்த பள்ளம் ஓர் அங்குலமா, ஒன்றரை அங்குலமா, எவ்வளவு இருந்தால் மாற்றித் தருவார்கள் என்று உள்ளே எழுதியிருக்கும். ‘மென்மையாகிவிட்டது’ என்ற புகாரை யாரும் ஏற்பதில்லை. கறை பட்டிருந்தால் அதைக் காட்டித் தட்டிக்கழிப்பதும் உண்டு.

உங்கள் மூன்றில், சொன்ன விவரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், 26,000 மெத்தை இரண்டு அறைக்குமே தேவையில்லை. 17,000 மெத்தையில் மேலடுக்கு ஒன்றரை அங்குலத்துக்குள், அடர்த்தி 50, அடியில் ஹெச்.ஆர். என்று எழுதித் தந்தால் மாடிக்கு அதை எடுங்கள். இரண்டு மெத்தைக்கு ஒதுக்கியதில் மிஞ்சும் பணத்தை அம்மாவின் லேடெக்ஸில் போடுங்கள். 11,000 மெத்தையின் எடையைக் கேட்டு மேலே சொன்ன கணக்கைப் போட்டால் அதுவே பதில் சொல்லும்.

ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பேச்சு மாறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது பில்தான். வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வையுங்கள். இப்போது தரும் வெப்பத்தாள் பில் பீரோவுக்குள் இருந்தாலும் ஒரு கோடையில் வெளுத்துவிடுகிறது.